பீரோவுக்கு அடியில மாத்திரை

கேள்வி: டாக்டர் மேடம், நாங்க பெங்களூரு அல்சூர்ல இருக்கோம். தம்பிக்கு 26 வயசு. மனச்சிதைவுன்னு சொல்லி மூணு வருஷமா ஒலான்ஸபைன்னு ஒரு மாத்திரை குடுக்குறாங்க. போன வாரம் பீரோவ நகர்த்திக் கூட்டுறப்போ அடியில 40 மாத்திரைக்கு மேல கிடந்துச்சு. கேட்டா எனக்கு ஒண்ணும் இல்லைங்குறான். இப்போ அம்மா ரசத்துல பொடிச்சுக் கலக்குறாங்க, அது சரியா? ஏன் மேடம் இப்படி பண்றான்?
- ஒரு அக்கா

பதில்: முதல்ல ரசத்த நிறுத்துங்கம்மா. அம்மாவ குத்தம் சொல்லல, பயத்துல எத்தனையோ வீட்டுல செய்றதுதான். ஆனா சாப்பாட்டுல ஏதோ கலக்குறாங்கன்னு சந்தேகப்படுறது இந்த நோய்ல சகஜம், நாளைக்கு அவன் அதக் கண்டுபிடிச்சுட்டா அந்த சந்தேகம் நெஜமாயிடுமே, அப்புறம் வீட்டுச் சோத்தையே தொடமாட்டான்.

'எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னு அவன் சொல்றது பொய்யும் இல்ல, வீம்பும் இல்ல. தனக்கு நோய் இருக்குங்குறதே நிறைய பேருக்குத் தெரியாது, அப்படித் தெரியாமப் போறதும் நோயோட ஒரு பாகம். குரல் கேக்குறவனுக்கு அது நெஜமாவே கேக்குது, பக்கத்து வீட்டுக்காரன் தன்னப் பத்தித்தான் பேசுறான்னு அவ்வளவு உறுதியா நம்புறவன் மாத்திரைய எதுக்குப் போடுவான்?

இன்னொண்ணு, மூணு வருஷத்துல எத்தன கிலோ ஏறியிருக்கான்? ஒலான்ஸபைன்ல பசி அடங்காது, பத்து மணி வரைக்கும் எந்திரிக்க முடியாது, பழைய பேன்ட் எதுவும் இடுப்புல ஏறாது. வேற சில மருந்துல கை நடுங்கும், கால் ஒரு இடத்துல நிக்காது. ஆண்மை சம்பந்தமான தொந்தரவும் வரலாம், அத எந்தத் தம்பி அக்காகிட்ட சொல்லுவான், சத்தமில்லாம மாத்திரைய பீரோவுக்கு அடியில தள்ளிடுவான். இவன் மட்டும் இல்லம்மா, அமெரிக்காவுல ஆயிரத்து நானூறு பேருக்கு மேல வச்சு நடத்தி 2005-ல வெளியான ஒரு ஆய்வுல 18 மாசத்துக்குள்ள 74 சதவீதம் பேர் முதல்ல குடுத்த மருந்த நிறுத்திட்டாங்க. அதுலயும் எடை ஏறுதுன்னு விட்டவங்க ஒலான்ஸபைன்லதான் அதிகம்.

இதுல பெரிய ஏமாத்து வேலை என்னன்னா, நிறுத்துன மறுநாளே எதுவும் ஆகாது. மந்தம் போயிடும், மொகம் தெளியும், பாருங்க மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கேன்னு அவனும் நெனைப்பான் நீங்களும் நெனைப்பீங்க, நோய் திரும்ப வர்றதுக்கு சில வாரமோ சில மாசமோ ஆகும், அப்போ மாத்திரைய விட்டதாலதான்னு யாருக்கும் தோணவும் தோணாது.

அதனால நோய் இருக்கா இல்லையான்னு அவன்கிட்ட வாதாடாதீங்க, அதுல ஜெயிக்கவே முடியாது. 'இந்த மாத்திரை உனக்கு என்னடா பண்ணுது'ன்னு கேட்டுட்டு சும்மா உக்காந்து கேளுங்க. அவனுக்கு என்ன வேணுமோ, தூக்கமோ திரும்ப வேலைக்குப் போறதோ, அத வச்சுப் பேசுங்க. அப்புறம் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியோ, வழக்கமா காட்டுற டாக்டரோ, அவனையும் கூட்டிட்டுப் போய் ரசத்துல கலந்தது வரைக்கும் மறைக்காம சொல்லுங்க. இல்லன்னா முழு டோஸும் உள்ள போகுதுன்னு நெனச்சு மருந்து பத்தலன்னு ஏத்திடுவாங்க. எடை அவ்வளவா ஏத்தாத அரிபிப்ரசோல் மாதிரி மருந்து இருக்கு, மாசம் ஒரு தடவ போடுற ஊசியும் இருக்கு. தினம் ராத்திரி மாத்திரைக்காக நடக்குற சண்டையாவது மிச்சம்.

நடுவுல ரெண்டு மூணு ராத்திரி தூங்காம நடந்துட்டே இருந்தாலோ, செத்துப்போறதப் பத்திப் பேசுனாலோ அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 14416-ங்குறது டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசு போன் நம்பர், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். பீரோவுக்கு அடியில கிடந்தத குப்பையில போட்டுடலையே? ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, எத்தன நாள் விட்டிருக்கான்னு டாக்டருக்கு அதுலயே தெரிஞ்சுடும்.