18,000 ரூபாயும் அதற்கு மேலும்: முதியோர் பராமரிப்பு கேள்வி-பதில்

வேலூரில் மருத்துவ சமூகப் பணியாளராக இருபத்திரண்டு வருடம் இருந்தேன். டிஸ்சார்ஜ் ஷீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு "இனி இவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது?" என்று வராந்தாவில் நின்றவர்களோடு பேசுவதுதான் பாதி வேலை. இந்த முறை வந்த கேள்விகளும் ஏறக்குறைய அதே வராந்தாவிலிருந்து வந்தவைதான்.

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 78 வயது, காட்பாடி காந்தி நகரில் தனியாக இருக்கிறார். வாக்கர் பிடித்து நடப்பார். அசிஸ்டட் லிவிங் என்று போர்டு போட்ட ஓர் இல்லத்தில் மாதம் 18,000 ரூபாய், டெபாசிட் 1 லட்சம் கேட்கிறார்கள். நியாயமான தொகையா?

அந்த 18,000க்குள் என்னென்ன அடக்கம் என்று நீங்கள் எழுதவில்லையே தம்பி. பொதுவாகக் கட்டில், சாப்பாடு, துணி துவைப்பது, பி.பி. பார்ப்பது அடங்கும். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் ஆள், ஆட்டோ எல்லாம் வெளியே நிற்கும். டயப்பர் ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால், நாளைக்கு நான்கு, மாதம் 4,800. பிசியோ மாதம் எட்டுத் தடவை, தடவைக்கு 400 என்றால் 3,200. ஓ.பி.க்கு ஒரு நாள் துணை ஆளுக்கு 800. கூட்டிப் பாருங்கள், 26,800 வந்துவிட்டது. மருந்து இன்னும் சேரவில்லை.

அம்மாதான் நடக்கிறாரே, டயப்பர் எதற்கு என்பீர்கள். இன்று நடக்கிறார். பாத்ரூமில் ஒரு வழுக்கல், இடுப்பு எலும்பு முறிந்தால் மறுநாளே கணக்கு மாறிவிடும். அதனால் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: "அம்மா படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வீர்களா, அப்போது மாதம் எவ்வளவு?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்கள் மட்டும்' என்று விதிமுறையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் டெபாசிட் கட்டிவிட்டு, எலும்பு முறிந்த அம்மாவோடு வேறு இடம் தேடி அலைந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், இறந்துவிட்டால் யார் கையில் கொடுப்பார்கள், பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த நாட்களுக்கும் பணமா, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள்? கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லம் பதிவு பெற்றதா என்று சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்து பில் போட்டால் ஒன்று கவனியுங்கள். வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளையாகப் பதிவான முதியோர் இல்லங்களில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உணவு, தங்குமிடம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 25,000 வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு.

பார்க்கப் போவது காலை 11 மணிக்கு வேண்டாம். அந்த நேரத்தில் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். இரவு 9 மணிக்குப் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆயா என்று எண்ணுங்கள். கட்டில் பக்கத்து பெல்லை நீங்களே அமுக்கிவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள். பாத்ரூம் தரை காய்ந்திருக்கிறதா, கைப்பிடிக் கம்பி ஆடாமல் இருக்கிறதா என்று பிடித்து இழுத்துப் பாருங்கள். நம் ஊர் மே மாத வெயிலுக்கு இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுகிறதா என்பதும் சாப்பாட்டு மெனு அளவுக்கு முக்கியம்.

பணத்துக்கு: அம்மா பேரில் 10 லட்சம் இருந்தால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். உச்சவரம்பு 30 லட்சம்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இல்லத்துக்குக் கட்டும் பணத்தை அதில் வாங்க முடியுமா?

முடியாது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்பது, அங்கீகரித்த மருத்துவமனையில் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். தங்குவதற்கும் ஆயாவுக்கும் அதில் இடமில்லை. அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று வந்தால் கை கொடுக்கும்.

கேள்வி: கொசப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறேன். வயது 66, கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. எனக்கு அரசாங்கத்தில் என்ன கிடைக்கும்?

முதலில் ஓ.ஏ.பி. அம்மா, அதாவது முதியோர் உதவித்தொகை. மாதம் 1,200 ரூபாய். 2023க்கு முன் 1,000 ஆக இருந்தது. இ-சேவை மையத்தில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், கணவர் இறப்புச் சான்றிதழ் கொண்டுபோய் மனு போடுங்கள். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருவார், பிறகு தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார் உத்தரவு போடுவார். முதியோர், விதவை இரண்டு உதவித்தொகையில் ஒன்றுதான் கிடைக்கும். மனு எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று நடுவில் வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சுகர், பி.பி. மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வைத்தியத்துக்கு சி.எம்.சி. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நகரத்து ஏழைகளுக்கென்றே அவர்கள் எல்.சி.இ.சி.யு. என்ற குறைந்த செலவுப் பிரிவு வைத்திருக்கிறார்கள். தனியாக இருக்கவே முடியாது என்று ஆகிவிட்டால் 14567. அது முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. தமிழிலேயே பேசுவார்கள். கட்டணமில்லா இல்லங்களில் எங்கே இடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: 2019இல் வீட்டை மகன் பேருக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சோறு போடுவதில்லை, "ஏதாவது ஹோமுக்குப் போ" என்கிறான். பத்திரத்தை நானே ரத்து செய்ய முடியுமா?

சார்பதிவாளரிடம் போய் நீங்களாக ரத்து செய்ய முடியாது ஐயா. போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ், அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் அவர்தான் தீர்ப்பாயத் தலைவர். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்தவர்கள் குடியாத்தம் ஆர்.டி.ஓ.விடம் போக வேண்டும். மனுவில் இரண்டு தனித்தனிக் கோரிக்கை வையுங்கள்.

ஒன்று, பராமரிப்புத் தொகை. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். நோட்டீஸ் போய் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் ஒரு மாதம் வரை சிறை.

இரண்டு, பிரிவு 23இன் கீழ் பத்திரத்தைச் செல்லாததாக்குவது. இங்கேதான் சிக்கல். "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்று பத்திரத்தில் இருக்கிறதா? எழுதிய அன்று மகன் வேறு தாளில் கையெழுத்துப் போட்டானா? அந்த நிபந்தனை இருந்தால்தான் ரத்து என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோரைக் காக்கும் சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, தாய் எழுதிய தானத்தை ரத்து செய்தது. ஆனால் அங்கே பராமரிப்பேன் என்ற உறுதிமொழித் தாள் இருந்தது. ஆகவே பத்திர நகலை எடுத்து வரி வரியாகப் படித்துவிட்டு மனு எழுதுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஒரு வரி இல்லாமல் எழுதாதீர்கள். "பெத்த பிள்ளையிடம் கண்டிஷனா" என்று பத்திரம் எழுதுபவரே சிரிப்பார், சிரிக்கட்டும்.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவை மூக்குக் குழாயோடு டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். எந்த இல்லமும் எடுக்க மாட்டேன் என்கிறது.

டியூப் என்றதும் கைவிரிக்கும் இல்லங்கள்தான் அதிகம், நர்ஸ் இருக்கும் இடங்கள் மட்டும் எடுக்கும். டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வார்டு சிஸ்டரிடம் "நான் கஞ்சி ஊற்றுகிறேன், நீங்கள் பாருங்கள்" என்று கேட்டு நின்று கற்றுக்கொள்ளுங்கள். குழாய் இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது, தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைத்து மெதுவாக ஊற்றுவது, ஊற்றியபின் அரைமணி நேரம் படுக்க வைக்காமல் இருப்பது. இதில் தவறினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பில் புண் வரும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த் தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலோ சி.எம்.சி.யிலோ டிஸ்சார்ஜ் ஆகும்போதே இதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இல்லத்துக்கு அனுப்ப மனசில்லை. வீட்டிலேயே 24 மணி நேர ஆள் வைத்தால் மலிவா?

ஒருவருக்கு மலிவு என்று சொல்ல மாட்டேன். அம்மா அப்பா இருவரும் இருந்தால் கணக்கு வீட்டுப் பக்கம் சாயும், ஒரே சம்பளத்தில் இருவரையும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா. சம்பளத்தோடு ஆயாவின் மூன்று வேளைச் சாப்பாடு, ஏஜென்சி கமிஷன், அவர் ஊருக்குப் போகும் நாளுக்கு மாற்று ஆள் எல்லாம் சேருங்கள்.

என் அம்மாவுக்கு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தபோது ஒரே மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். மூன்றாவது பெண்ணுக்கு அம்மாவின் இன்சுலின் அளவை யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மா சுகர் இறங்கி வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி கட்டில் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். சுகர் எவ்வளவு, ஊசி எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு, போட்டவர் கையெழுத்து. காலை 8 மணிக்கு ஆள் மாறும்போது இருவரும் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நீங்களும் ஆள் வருவதற்கு முன்னால் அந்த நோட்டை வாங்கிவிடுங்கள், பேனாவையும் அதே நூலில் கட்டுங்கள்.