ஜந்து வேஷத்துக்குள் யார்? 1950களின் ராட்சதப் படங்கள்: கேள்வி பதில்

சார், 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்து மீன்-மனித ஜந்துவை உருவாக்கியது ஒரு பெண் என்கிறார்களே, நிஜமா? டைட்டிலில் அப்படி ஒரு பெயரே இல்லையே?

நிஜம்தான். டிஸ்னியில் வேலை பார்த்துவிட்டு வந்த மிலிசென்ட் பாட்ரிக்தான் அதை வரைந்தவர். 1954இல் படம் வெளியானபோது விளம்பரத்துக்காகப் படத்தை எடுத்த யுனிவர்சல் ஸ்டூடியோ அவரை ஊர் ஊராக அனுப்பியது. அந்தப் பயணத்துக்கு முதலில் 'ஜந்துவைப் படைத்த அழகி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோருக்கு அது பொறுக்கவில்லை. உடனே 'ஜந்துவோடு வாழும் அழகி' ஆக்கிவிட்டார்கள். படைத்தவரை ஒரே வார்த்தையில் குடித்தனக்காரியாக்கிய சாமர்த்தியம்! பேட்டிகளிலும் அவர் வெஸ்ட்மோரைப் புகழ்ந்துதான் பேசினார். பலன் இல்லை. திரும்பி வந்ததும் வெஸ்ட்மோர் அவருக்கு வேலை தருவதை நிறுத்திவிட்டார். டைட்டிலில் ஒப்பனைக்கு வெஸ்ட்மோர் பெயர் இருக்கிறது. பாட்ரிக் பெயர் எங்கும் இல்லை.

அந்த உடைக்குள் நடித்தவருக்காவது பெயர் போட்டார்களா?

இல்லை. அதுவும் ஒருவர் அல்ல, இருவர். தண்ணீருக்கடியில் ரிக்கோ பிரௌனிங், கரையில் பென் சாப்மன். சாப்மன் தாஹிட்டியில் வளர்ந்தவர்.

கதை அமேசானில் நடக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன வேலை?

சாவதுதான். விஞ்ஞானிகள் இல்லாத நேரத்தில் கூடாரத்தைக் காவல் காத்த லூயிஸும் தோமாஸும் முதலில் போகிறார்கள். அப்புறம் படகில் வேலை செய்பவர்கள். அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் சாவதற்குள் படம் முடியும் கட்டம் வந்துவிடுகிறது. அந்த நாட்டு அறிஞராக வரும் டாக்டர் மாயாவுக்கு மட்டும் மரியாதை உண்டு. அதில் நடித்த அன்டோனியோ மொரேனோ மத்ரித்தில் பிறந்தவர், மௌனப்பட நட்சத்திரம்.

வெள்ளைக்காரப் பெண்ணைத் தூக்கிப் போகும் கறுத்த உருவம். இது இனவெறிதானே?

அந்த வாசனை இருக்கிறது. கறுப்பர் வெள்ளையர் காதலைத் திரையில் காட்டவே 1956 வரை ஹாலிவுட்டின் தணிக்கை விதி தடை போட்டிருந்தது. ஆனாலும் நீச்சல் காட்சியைக் கவனியுங்கள். மேலே கதாநாயகி ஜூலி ஆடம்ஸ் நீந்துகிறார். கீழே ஜந்து மல்லாந்தபடி அதே வேகத்தில் கூடவே போகிறது, தொடக்கூடத் தயங்குகிறது. அதைப் பிடிக்க ரோட்டினோன் என்ற மீன் விஷத்தைக் கொட்டி நீரைக் கெடுப்பவர்கள் வந்தேறிகள். என் கட்சி ஜந்துவின் கட்சிதான். இயக்குநர் கியர்மோ தெல் தோரோவும் இதே கட்சி. 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' (2017) அங்கிருந்துதான் முளைத்தது.

அலறுவதைத் தவிர வேறு வேலை செய்த பெண் யாராவது உண்டா?

'தெம்!' (1954) பாருங்கள். ராட்சத எறும்புப் புற்றுக்குள் பெண் இறங்கக் கூடாது என்கிறார் எஃப்.பி.ஐ. அதிகாரி. உங்களுக்குப் பூச்சியியல் பாடம் எடுக்க நேரமில்லை என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு டாக்டர் பாட்ரிசியா மெட்ஃபோர்ட் (ஜோன் வெல்டன்) இறங்கிவிடுகிறார். உள்ளே போய், ராணி எறும்புகள் பறந்துவிட்டதைக் கண்டுபிடிப்பவரும் அவரே.

காட்ஸில்லாவில் எல்லோரும் ஜப்பானியர்தானே?

1954இன் மூலப் படத்தில் ஆமாம். 1956இல் அமெரிக்காவுக்குப் போனபோது ரேமண்ட் பர் என்ற நடிகரைச் செருகி, அணுகுண்டுப் பேச்சைக் கணிசமாக வெட்டினார்கள். ஆங்கிலக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் சீன அமெரிக்கரான ஜேம்ஸ் ஹாங். ஒகாட்டா, செரிசாவா என்ற இரண்டு பாத்திரங்களுக்கும் அவர் குரல்தான். முதல்முறை பார்ப்பதாக இருந்தால் ஜப்பானியப் பிரதியைச் சப்டைட்டிலோடு பாருங்கள். அமெரிக்கப் பிரதியை அப்புறம் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.