அம்மாவை யாருக்காக ஒளித்து வைக்கிறீர்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். போன வருடம் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மா வாசலுக்கே வருவதில்லை. தைரியமாக இருக்கச் சொல்லித் தினமும் சொல்கிறோம். தங்கைக்கு வரன் பார்ப்பதால் வெளியில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறோம். அம்மா படிக்க நல்ல தன்னம்பிக்கைப் புத்தகம் சொல்வீர்களா? சர்க்கரையை அடியோடு நிறுத்த வேண்டுமாமே?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சர்க்கரை பற்றி டாக்டரைக் கேளுங்கள், வாட்ஸ்அப்பைக் கேட்காதீர்கள். என்னால் தாண்டிப் போக முடியாதது அந்தக் கர்ப்பப்பை ஆபரேஷன்தான்.

அரூரில் இருந்த என் சித்திக்கும் இதே நோய். வீட்டில் ‘சாதாரணக் கட்டி’ என்று சொல்லி வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வைத்துவிட்டு, “தைரியமா இரு” என்று சொல்லிக் கிளம்புவார்கள். சித்தி தலையாட்டுவார். ஒரு நாள் பழைய ரவிக்கைத் துணியில் தைத்த உள்ளங்கை அளவுப் பை ஒன்றை என்னிடம் காட்டினார். உள்ளே கேழ்வரகு. “பஞ்சு வெச்சா மேல ஏறிக்குது. இதுன்னா கனமா ஒரு எடத்துல நிக்குது” என்றார். துவைக்கும்போது பிரித்துக் கொட்டிவிட்டு, காய்ந்ததும் மறுபடி நிரப்பித் தைப்பாராம்.

சொல்லிக்கொடுத்தவர் அவருடைய மகளிர் குழுவில் இருந்த ஒரு அம்மாள். அவருக்கும் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தது. விஷயத்தை எப்படியோ ஊகித்து, ஆளில்லாத மத்தியானத்தில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன் தழும்பைக் காட்டியிருக்கிறார். சுவரில் விரல்களை மெல்ல மெல்ல ஏற்றிக் கையைத் தூக்கும் பயிற்சி, அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கையில் ஊசி போட விடக் கூடாது என்பது, எல்லாம் அவர் சொன்னதுதான். அன்றைக்குத்தான் சித்தி வாய்விட்டு அழுதாராம். அதுவரை அழவும் விடவில்லை, தைரியமாக இருக்க வேண்டுமே!

தருமபுரிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989ல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தது. அதே 1989ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் உடம்பில் பரவிய பெண்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசியபோது ஆயுள் கூடியது என்றார். 2001ல் வந்த கனடா ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் பேசியவர்களுக்கு மன வேதனையும் வலியும் குறைந்திருந்தன. எனக்கு அதுவே போதும்.

இப்போது தங்கை கல்யாணம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துதான். அம்மாவுக்கு எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டில் நாலு வார்த்தை பேசுவதைவிட அம்மாவை உள்ளே உட்கார வைப்பது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. அம்மா அதை எப்படி எடுத்துக்கொள்வார்? தன் உடம்பால் மகள் வாழ்க்கை கெட்டுவிடும் என்றுதானே? நோய் போன பிறகும் அவரைக் குற்றவாளியாகவே வைத்திருக்கிறீர்கள். வாசலுக்கு வந்தால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், கேட்டால் பொய் சொல்ல வேண்டும். அதற்கு வராமலே இருக்கலாம் என்று நினைக்கிறார். இதில் தைரியக் குறைச்சல் எங்கே இருக்கிறது, தம்பி? குறைச்சல் உங்கள் பக்கம்.

அதற்காக நாளைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லாதீர்கள். அவர் உடம்பு, அவர் விஷயம். யாரிடம் சொல்லலாம் என்று அவரையே கேளுங்கள். ஒருத்தர் பெயராவது சொல்வார். அவரை வரச் சொல்லிவிட்டு, நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை வீங்கியிருந்தால் அதையும் மறைப்பார், கவனியுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருகிறார்கள். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, ‘போய்ச் சேர்ந்தா தேவலை’ என்று பேச்சு வருகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

புத்தகம் இப்போது வேண்டாம்.

அன்புடன்,
அக்கா