சென்சாரில் தூசிப் புள்ளிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வானத்தைப் படமெடுக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று விழுகிறது. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை.

பதில்: லென்ஸின் முன்கண்ணாடியில் படிந்த தூசி இப்படி வடிவத்தோடு படத்தில் விழாது, கலங்கிக் கரைந்துவிடும். லென்ஸை மாற்றிய பின்னும் புள்ளி அதே இடத்தில் நின்றால் தூசி சென்சாரில் இருக்கிறது என்று கொள்ளலாம். துல்லியமாகச் சொன்னால், அது ஒளியைப் பதியும் செல்களின் மேல் உட்காருவதில்லை. அவற்றுக்குச் சற்று முன்னால் பொருத்தப்பட்ட வடிகட்டிக் கண்ணாடியின் மேல் உட்காருகிறது. நாம் படத்தில் காண்பது அதன் நிழலை.

கேள்வி: எஃப் 2.8 இல் எடுத்த படத்தில் அந்தப் புள்ளியே இல்லை. எஃப் 16 இல் மட்டும் ஏன் தெரிகிறது?

பதில்: சுவருக்குச் சற்று முன்னால் விரலை நீட்டி, முதலில் நீண்ட குழல்விளக்கின் வெளிச்சத்திலும், பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சிறிய டார்ச் வெளிச்சத்திலும் நிழலைப் பாருங்கள். முன்னதில் மங்கலாகப் பரவும் நிழல், பின்னதில் விளிம்பு தெரிய விழும். அபர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப் 2.8 இல் போல அகலத் திறந்திருக்கும்போது ஒளி பல கோணங்களிலிருந்து வந்து தூசியின் நிழலைக் கழுவிவிடுகிறது. எஃப் 16 இல் போலக் குறுகும்போது ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வருவதால் நிழல் கூர்மையடைகிறது. எனவே மனிதர்களை எஃப் 2, எஃப் 4 என்று எடுப்பவர் ஆண்டுக்கணக்கில் தூசியோடு நிம்மதியாக வாழலாம். நிலக்காட்சி எடுப்பவருக்கும் எஃப் 22 வரை போகத் தேவையில்லை. அங்கே சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படமே மென்மையாகிவிடும்.

கேள்வி: எத்தனை புள்ளிகள், எங்கெங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கணினித் திரையை முழு வெள்ளையாக்கி, லென்ஸை அதன் அருகே கொண்டுபோய், குவியத்தைக் கையால் முடிவிலியில் வையுங்கள். எஃப் 16, மிகக் குறைந்த ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்), ஓரிரு நொடி ஷட்டர் என்று அமைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கேமராவை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். திரையில் உள்ள குறைகள் அசைவில் கரைந்துபோகும். தூசி சென்சாரோடு சேர்ந்தே நகர்வதால் அதன் நிழல் மட்டும் கரையாது. அந்தப் படத்தின் கான்ட்ராஸ்டை ஏற்றி, முழு அளவில் பெரிதாக்கி, மூலையிலிருந்து மூலைக்கு வரிவரியாகப் பாருங்கள். வட்டமான கறைகளும், சில வேளைகளில் சுருண்டு கிடக்கும் நூலிழையும் தென்படும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், படத்தின் மேல் இடது மூலையில் உள்ள புள்ளி, கேமராவை முன்னாலிருந்து நோக்கும்போது சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். மேல்கீழ்தான் மாறும், இடவலம் மாறாது. இதை மறந்து தவறான மூலையையே திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்த நாள் எனக்கும் உண்டு.

கேள்வி: வாயால் ஊதலாமா? அழுத்தக் காற்று அடைத்த டப்பா இருக்கிறது, அது போதுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறித்து, உதறிப் போக்கக்கூடிய தூசியின் இடத்தில் துடைத்தே தீரவேண்டிய கறை வந்து சேரும். டப்பாவிலிருந்து சில நேரம் திரவமே பீறிட்டு வந்து கண்ணாடியில் உறையும். கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் புளோயர்தான் சரி. மின்கலத்தை முழுதாக ஏற்றி, கேமராவின் மெனுவில் உள்ள துப்புரவு முறையைத் தேர்ந்தெடுத்து, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, புளோயரின் முனை உள்ளே நுழையாதபடி ஊதுங்கள். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் சென்சாருக்கு முன்னால் ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி உண்டு; துப்புரவின்போது மேலே தூக்கி நிற்கும் அது, நடுவில் மின்சாரம் போனால் கீழே இறங்கிவிடும் என்பதால்தான் மின்கலத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். பெரும்பாலான தூசி இந்தக் கட்டத்திலேயே போய்விடும்.

கேள்வி: கேமராவே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் என்கிறார்களே?

பதில்: ஓரளவுக்கு. 2003 இல் வந்த ஒலிம்பஸ் இ-1 தான் வடிகட்டியை மீயொலி அதிர்வால் உதறும் முறையை முதலில் கொண்டுவந்தது. உலர்ந்த துகள்களுக்கு அது போதும், ஒட்டிக்கொண்டதற்குப் போதாது.

கேள்வி: பத்து முறை ஊதியும் நான்கு புள்ளிகள் அசையவே இல்லை.

பதில்: அவை ஈரம் பட்டு ஒட்டியவையாகவோ எண்ணெய்த் துளிகளாகவோ இருக்கலாம். ஷட்டரின் இயங்குபாகங்களிலிருந்து எண்ணெய் தெறிப்பதுண்டு. 2012 இல் வெளிவந்த நிக்கான் டி600 கேமராவில் புள்ளிகள் குறித்த புகார் பெருகியதால், 2014 இல் அந்நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. இத்தகைய கறைக்கு ஸ்வாபும் (முனையில் மென்துணி சுற்றிய துடைப்புக் குச்சி) அதற்கென விற்கும் திரவமும் வேண்டும். பெரிய முழுச்சட்டக சென்சாருக்கு 24 மில்லிமீட்டர் அகலமும், அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்-சி சென்சாருக்கு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஸ்வாபை வாங்குங்கள். முதலில் ஊதுவதைத் தவிர்க்காதீர்கள், ஏனென்றால் மணல் துகள் ஒன்று ஸ்வாபின் அடியில் சிக்கினால் அதுவே கீறலைப் போட்டுவிடும். ஸ்வாபின் முனையில் இரண்டு மூன்று துளிகள் மட்டும் விட்டு, துளி உறிஞ்சப்படும்வரை பொறுத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பாக, மேசையில் சிந்திய மாவைத் திரட்டும் அளவு அழுத்தத்தோடு இழுங்கள். மறுபக்கத்தைத் திருப்பி எதிர்த்திசையில் ஒருமுறை. பிறகு அந்த ஸ்வாபை எறிந்துவிடுங்கள். அதையே மீண்டும் பயன்படுத்துவது சிக்கனம் அல்ல. கை நடுங்குபவர்கள் சேவை மையத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: ஏற்கெனவே எடுத்த முந்நூறு படங்களை என்ன செய்வது?

பதில்: புள்ளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருப்பதால், ஒரு படத்தில் செய்த திருத்தத்தை மென்பொருளில் மற்றவற்றுக்கும் நகலெடுக்கலாம். வானம் போன்ற வெறுமையான பகுதிகளில் இது தானாகவே பொருந்தும். முகத்தின் மேலோ கிளைகளின் மேலோ விழுந்த புள்ளியைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: காணொளியிலும் புள்ளி தெரிகிறது.

பதில்: அதை நீக்குவது படத்தைவிடப் பெரும் வேலை. வெளிச்சம் மிகுந்த இடத்தில் அபர்ச்சரைக் குறுக்காமல், லென்ஸின் முன்னால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை மாட்டி எஃப் 4 அளவிலேயே எடுங்கள்.