சித்தப்பா கதையை எழுதலாமா?

கீழமாசி வீதியில் சித்தப்பாவோட மளிகைக்கடை நொடிச்சதை நாவலா எழுதினா வீட்டில் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பாதியில் நிறுத்தியிருக்கீங்க. நிறுத்தாதீங்க.

நாவலாசிரியர் ப. சிங்காரத்தைப் பாருங்க. சிங்கம்புணரிக்காரர். 1938-ல் இந்தோனேசியாவில் இருக்கிற மேடானுக்குப் பிழைக்கப் போய், 1946-ல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். அவரோட ‘புயலிலே ஒரு தோணி’ நாவல் 1972-ல்தான் புத்தகமாச்சு. அவர் கண்ட வட்டிக்கடையும் இரண்டாம் உலகப் போரும் அதில் அப்படியே இருக்கு, ஆனா நேதாஜியோட ஐ.என்.ஏ. படையில் சேர்ற கதாநாயகன் பாண்டியன் அவரில்லை. தூர தேசத்தில் அவன் மதுரைத் தெருக்களை நினைக்கிற பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு இன்னைக்கும் தொண்டை அடைக்கும்.

மல்லி மூட்டை வாசனை, பேரேடு, பாதி இறக்கின ஷட்டர், இதையெல்லாம் மாத்தாதீங்க. ஆளை மாத்துங்க. என் அப்பாவை ஒரு அத்தையா மாத்தி எழுதினப்பதான், அவர் ஏன் அன்னைக்கு அழலைன்னு எனக்குப் புரிஞ்சுது.