கேட்கும் முன்னே வரும் மருந்து

அன்புள்ள ஐயா,

நான் மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவி. நோயாளியிடம் மனிதநேயத்தோடு நடந்துகொள்ளுங்கள் என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நோயைச் சொல்லிவிடுகிற காலத்தில், இனிமையாகப் பேசுவதைத் தாண்டி அதற்கு என்ன அர்த்தம்? இரவு இரண்டு மணிக்கு வார்டில் எனக்கு அந்த இனிமையும் வருவதில்லை.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. இனிமை அன்றைய மனநிலையைப் பொறுத்தது. தூக்கமில்லாத இரவில் அது வராமல் போவது உங்கள் குற்றம் இல்லை.

சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து, மருத்துவமனையில் சமூகப் பணியாளராகி, அப்புறம் டாக்டருக்குப் படித்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கினார். புற்றுநோய் முற்றியவர்களுக்கு, வலி தாங்காமல் கேட்ட பிறகு மார்ஃபின் என்ற வலிநிவாரணியைக் கொடுப்பதே அன்று பரவலான வழக்கம். அவர் நேரம் வைத்துக் கொடுக்கச் சொன்னார். முந்தைய டோஸின் பலன் தீரும் முன்பே அடுத்த டோஸ். நோயாளி கெஞ்ச வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்தபடியே கிடக்க வேண்டாம். அன்றிரவு பணியில் இருப்பவர் எவ்வளவு களைத்திருந்தாலும் மருந்து வந்துவிடும். நான் மனிதநேயம் என்று சொல்வது இதைத்தான்.

ஸ்கேன் பற்றிக் கேட்டீர்கள். எதை ஸ்கேன் எடுப்பது என்பதே நோயாளி சொல்வதை வைத்துத்தானே முடிவாகிறது? அமெரிக்காவில் 1984இல் வெளியான ஓர் ஆய்வு, 74 நோயாளி சந்திப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தது. நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். முதலில் சொல்கிற தொந்தரவே பெரிய தொந்தரவாக இருக்கும் என்று யார் சொன்னது?

என் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. இரண்டு முறை டோஸைக் கூட்டினார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் அதிகம் பேசாதவர். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி நெஞ்சில் வைத்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “மாத்திரையை எப்படி எடுத்துப் போடுறீங்க, காட்டுங்க” என்றார். அப்பா மாத்திரை அட்டையை வாங்கினார். விரல்கள் நடுங்கின. எவ்வளவு அழுத்தியும் மாத்திரை வெளியே வரவில்லை. பாதி நாட்களில் மாத்திரையைப் போடாமல் அப்படியே வைத்துவிடுவாராம். எங்களிடம் சொல்ல வெட்கம்.

டாக்டர் டோஸைக் குறைத்தார். மாத்திரைகளைப் பிரித்துத் தினமும் கையில் கொடுக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.