32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இப்போதே இயக்கப் பயிற்சி தேவையா?

ஐந்தரை மாதப் பெண் குழந்தைக்கு மருத்துவர் பயிற்சி சொல்ல, வீட்டுப் பெரியவர்களோ ஒரு வயது வரை பொறுக்கச் சொல்வதாக மேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம். குறைமாதத்தைக் கழித்தால் அவளுக்கு ஏறத்தாழ மூன்றரை மாதம். மல்லாந்து கிடக்கையில் கழுத்திலும் கைகால்களிலும் ஓயாமல் தோன்ற வேண்டிய சிறுசிறு அசைவுகள் இருக்கின்றனவா என்று காணொளி எடுத்துப் பார்த்து, மூளை முடக்குவாத (மூளைப் பாதிப்பால் உடலசைவு குன்றும் நிலை) அபாயத்தைப் பெருமளவு கணிக்கக்கூடிய பருவம் இதுவே. செய்யும் அசைவுக்கேற்ப மூளை தன் இணைப்புகளை விரைந்து அமைத்துக்கொள்ளும் காலமும் இதுதான் என்பதால், நோய் உறுதியாகும் முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடுகிறார்கள்.

பயிற்சி என்பது கைகாலைப் பிடித்து நீட்டி மடக்குவதன்று (குளிப்பாட்டும் பாட்டிமார் உருவிவிடுவதும் இதற்கு ஈடாகாது). குழந்தை தானே முயல வேண்டும். விழித்திருக்கையில் குப்புறப் படுக்கவைத்து, மார்புக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, சற்று முயன்றால் எட்டும் தூரத்தில் கிலுகிலுப்பையைக் காட்டுங்கள். முந்திக்கொண்டு கையில் திணிக்காதீர்கள். ஒரு கையை மட்டும் எப்போதும் மூடியே வைத்திருந்தால் கிலுகிலுப்பையை அந்தப் பக்கமாகவே நீட்டுவதோடு, கை மூடியிருப்பதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். முழுக் குணம் என்று எவரேனும் உறுதியளித்தால் நம்பாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் பிரிவு) பிசியோதெரபி கட்டணமின்றிக் கிடைக்கும். பிறப்புக் குறிப்பேட்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.